உள்ளார தூங்கறாருங்க

அவர் பேசி நான் கேட்டதைவிட, பேசாதீர்கள் என்று அவர் கை காட்டி நான் பார்த்ததுதான் அதிகம். ஆள்காட்டி விரல் உதட்டுக்குப் போகும். தலை லேசாக வீட்டுப் பக்கம் திரும்பும். கண் இரண்டும் கெஞ்சும். "உள்ளார தூங்கறாருங்க" என்பது அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் பாதி மூச்சில். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அவருக்கு 'உஷ் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். உண்மையான பெயர் எனக்குத் தெரியும், அவர் போட்ட கையெழுத்தில் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுதக் கை வரவில்லை.

பல்லடம் ரோட்டில் ஒரு பக்கம் எங்கள் பள்ளிக்கூடம். எதிர்ப்பக்கம் ரோட்டை ஒட்டியே பதினோரு லைன் வீடுகள். அதில் நாலாவது வீடு அவருடையது. நான் அந்தப் பள்ளியில் அறிவியல் டீச்சர். நல்லூரிலிருந்து பஸ் மாறி வந்து, அவர் வாசலுக்கு நேராக இறங்கித்தான் ரோட்டைக் கடக்க வேண்டும். காலையில் நான் இறங்குகிற நேரத்துக்கு அவர் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, அப்போதுதான் கண் அசந்திருப்பார்.

வீட்டுக்காரருக்குக் காம்பாக்டிங் கம்பெனியில் வேலை. பனியன் துணியைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தி எடுக்கிற மெஷின். ராத்திரி முழுக்க அதன் முன்னால் நின்று, துணியில் மடிப்பு விழாமல் கையால் நீவி நீவி உள்ளே விட வேண்டும். "ஒரு நிமிசம் கண்ணு சொக்குச்சுன்னா கை உள்ளார போயிருமுங்க டீச்சர்" என்று பழகிய புதிதிலேயே அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். பகலில் அவர் தூங்கினால்தான் ராத்திரி அந்தக் கை பத்திரமாக இருக்கும். இதைத் தவிர அந்த அக்காவுக்கு வேறு சிந்தனையே கிடையாது. சினிமா, சீரியல், நகைநட்டு எதுவும் கிடையாது. ஒரு மனுஷனின் தூக்கத்துக்குக் காவல் இருப்பதே முழுநேர உத்தியோகம்.

அதை அவர் செய்த நேர்த்தியைச் சொல்ல வேண்டும். குழாயின் வாயில் ஒரு முழம் பனியன் துணியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். தண்ணீர் அந்தத் துணி வழியாகவே வழுக்கிக்கொண்டு குடத்துக்குள் இறங்கும், ஒரு சொட்டுச் சத்தம் இருக்காது. கதவுக் கீலுக்கு வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய். பாத்திரம் அடுக்குகிற பலகையில் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே ஒரு துண்டுத் துணி. கண்ணாடி வளையல் போட மாட்டார், ரப்பர் வளையல்தான். குக்கர் என்ற சாமானே அந்த வீட்டில் கிடையாது. பக்கத்து வீட்டில் குக்கர் வைத்தால் இவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். பூனை மாதிரிப் போய் நின்று, "அக்கா, விசில் வாரக்குள்ள எறக்கிப்போடுங்க" என்பார். அந்தம்மா சிரித்துக்கொண்டே, "இன்னைக்குப் பருப்பு வேகலீன்னா உங்கூட்டுக்காரருக்குத்தான் அனுப்பி வைப்பேன்" என்பார். இருந்தும் இறக்கிவிடுவார். லைன் முழுக்க அப்படித்தான். அவரைக் கேலி பேசுவார்கள், அவர் பேச்சைத் தட்ட மாட்டார்கள்.

வெங்காயம் விற்கிற வண்டிக்காரர் ரெக்கார்டு போட்ட ஸ்பீக்கரோடு வருவார். அக்கா ரோட்டு முக்கிலேயே அவரை நிறுத்தி ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிடுவார். வியாபாரம் கெட்டுப் போகக்கூடாதே என்று இவரே பதினோரு வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டாமல், ஜன்னலில் முகத்தைக் காட்டி, "வெங்காயம் வந்திருக்குதுங்க" என்று கிசுகிசுத்துவிட்டு வருவார். வெங்காயம் என்னவோ கடத்தல் சரக்குப் போல! நான் பஸ்ஸைவிட்டு இறங்கி நிற்கும்போது இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். உடனே எனக்கும் ஒரு 'உஷ்' கிடைத்தது.

இன்னொன்று ஞாபகம் இருக்கிறது. மாரியம்மன் நோம்பிக்குக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள், வாய் நேராக லைன் வீட்டைப் பார்த்து. அக்கா மைக்செட்டுக்காரருக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுபோய்க் கொடுத்து, அதை அந்தப் பக்கத்துத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க அக்கா, அந்தத் தெருவுல யாரும் நைட் ஷிப்ட் போறதில்லீங்களா?" என்று கேட்டுவைத்தேன்.

முகம் சுண்டிப்போய்விட்டது. மறுநாள் பார்த்தால் ஸ்பீக்கர் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது. "மேல பாக்கத் திருப்பியாச்சுங்க. சாமிக்குத்தானுங்களே பாட்டு" என்றார். நான் விளையாட்டாகக் கேட்டது அவரை ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லையாம். தன் வீட்டுச் சத்தத்தை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டியதற்கு அவர் அப்படி வெட்கப்பட்டார். அதை நேரில் பார்த்தவள் நான்.

ரோடு அகலமாகி நாலு வரிசை ஆன பிறகுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிரச்சனை வந்தது. தனியார் பஸ்களின் ஏர்ஹாரன், நூல் மூட்டை லாரிகள், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர்கள். ரோட்டோர வகுப்புகளில் நாங்கள் கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். ஹெச்.எம். சார் அலையாய் அலைந்து, சத்தத் தடுப்புச் சுவர் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். எங்கள் பக்கம், ரோட்டோரமாக, இரண்டு ஆள் உயரத்துக்குத் தகட்டுச் சுவர். அதற்கு எதிர்ப்பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆட்சேபனை இல்லையென்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். பேப்பரை என்னிடம் கொடுத்தனுப்பினார் ஹெச்.எம்.

நான் நேராக நாலாவது வீட்டுக்குத்தான் போனேன். வேறு எங்கே போவேன்? சத்தம் குறைக்க ஒரு சுவர் என்றதும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"சொவுரு வந்துட்டா சத்தம் அடங்கீருமுங்களா டீச்சர்?"

"அடங்கிரும்க்கா."

"எங்கூட்டுப் பக்கமுமுங்களா?"

"ரோட்டுச் சத்தத்துக்குத்தானே சுவரு" என்றேன். அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன், அல்லது நினைக்கவே இல்லை. அக்கா பேப்பரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க நில்லுங்க, வெய்யில் ஏறுது" என்று என்னை நிழலில் உட்கார வைத்துவிட்டு, பதினோரு வீட்டுக்கும் அவரே போனார். ஆறாவது வீட்டுக்காரர் யோசித்தாராம். அவர் சம்சாரத்தைப் பிடித்து அரைமணி நேரம் கெஞ்சிப் பேசி வாங்கிவிட்டார். அரசாங்கக் காரியம் ஒன்றில் அத்தனை வேகத்தை நான் கண்டதில்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வாரம் கழித்து, சுவர் போடுகிற காண்டிராக்டரின் இன்ஜினியர் பையன் ஹெச்.எம். அறைக்கு வந்தான். நல்ல பையன், வெளிப்படையாகப் பேசினான். இரண்டு வகைத் தகடு இருக்கிறது. ஒன்று வெறும் தகடு, உடனே கிடைக்கும். இன்னொன்று உள்ளே பஞ்சு வைத்து முகத்தில் ஓட்டை போட்டது, வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்றான். "வெறும் தகடு போட்டா சத்தம் அடிச்சுத் திரும்பும் சார். எதிர்ல வீடு இருக்கே?" என்று கேட்டான். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹெச்.எம். என்னைப் பார்த்தார்.

"நீங்க சயின்ஸ் டீச்சர். நீங்க சொல்லுங்கம்மா, அவ்வளவு தூரம் போகுமா?"

அன்று காலை எட்டாம் வகுப்பில் நான் நடத்தியதே ஒலிப் பாடம். வழவழப்பான கடினமான பரப்பில் ஒலி பட்டால் திரும்பி வரும், மெத்தென்ற பரப்பு அதை உறிஞ்சிக்கொள்ளும் என்று கரும்பலகையில் படம் போட்டு அம்புக்குறி வரைந்துவிட்டு வந்தவள். சாக்பீஸ் தூசி கையில் அப்படியே இருந்தது.

"ரோடு நல்ல அகலம் சார். பெருசா ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அவ்வளவுதான். பையன் குறித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். பரீட்சைக்கு முன்னால் சுவர் வந்துவிடும் என்ற சந்தோஷத்தில் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் டீ வாங்கிக் குடித்தோம்.

சுவர் வந்தது. எங்கள் வகுப்புகளில் விழுந்த அமைதியை இன்றைக்கும் என்னால் தாங்க முடிவதில்லை. பேனா உருள்வது கேட்கிறது. முதல் வாரம் பிள்ளைகளே பயந்து மெதுவாகப் பேசினார்கள். எதிர்ப்பக்கம் நடந்தது வேறு. அதை எனக்குச் சொன்னதும் அக்காதான், பஸ் ஸ்டாப்பில் வைத்து.

"டீச்சர், ஒரு பஸ்ஸு போனா ரெண்டு பஸ்ஸு போறாப்புல இருக்குதுங்க. ரோட்டுல ஒருக்கா, சொவுத்துல ஒருக்கா. முன்னெல்லாம் அந்தப்பக்கம் போற வண்டிச் சத்தம் அப்படியே ஒழிஞ்சு போயிருமுங்க, அவரும் எப்பிடியோ தூங்கீருவாருங்க. இப்ப போனது திரும்பி ஊட்டுக்குள்ள வருதுங்க."

அப்போதும் அவர் சத்தமாகப் பேசவில்லை. இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், பழைய அதே கிசுகிசுப்பில் சொன்னார். "போகப் போகப் பழகிரும்க்கா" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்துவிட்டேன்.

பழகவில்லை. அவர் வீட்டுக்காரர் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார், தலைக்கு மேல் தலையணை போட்டுப் பார்த்தார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து, சிவந்த கண்ணோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை நான் பகலில் முழித்தபடி பார்த்ததே அதுதான் முதல் தடவை. பெரிய உடம்புக்காரர், சாது. "என்னங்க டீச்சர், நல்லாருக்கீங்களா" என்று எழுந்து நிற்கப் பார்ப்பார், பாவம்.

ஒருநாள் மதிய உணவு நேரத்தில் அக்கா எங்கள் கேட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே அழைத்தேன். சுவரின் பின்பக்கம், எங்கள் வேப்பமரத்தடியில், அப்படியே நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தன அமைதியா இருக்குதுங்க!"

ஐயோ, அந்தக் குரலில் ஒரு துளிப் பொறாமை இருந்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். கோயிலுக்குள் வந்தவர் மாதிரி நின்றார். சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இந்த மரத்தடியில ஒரு மூலையில அவர மத்தியானம் ரெண்டு மணி நேரம் படுக்க வெச்சுக்கலாமுங்களா? யாருக்கும் தொந்தரவு வராதுங்க. அவரு கொறட்டைகூட விட மாட்டாருங்க."

"ஹெச்.எம்.கிட்டக் கேட்டுப் பார்க்கிறேன்க்கா" என்றேன். பெண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் வெளி ஆள் படுத்துத் தூங்குவதா? முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் நான் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். கேட்டால் ஏன், எதற்கு என்று பேச்சு வரும், இன்ஜினியர் பையன் சொன்னது வெளியே வரும். இரண்டு நாள் கழித்து, "ஒத்துக்க மாட்டேங்கிறாருக்கா" என்று அக்காவிடம் சொன்னேன். "பரவால்லீங்க, எனக்காவக் கேட்டீங்களே" என்றார்.

அதன் பிறகு அவர் செய்த காரியம் என்னை அசத்திவிட்டது. துணி குடோனுக்குள் நின்று பேசினால் பேச்சு வாயிலேயே செத்துப்போகிறது என்பதை அவர் எப்போதோ கவனித்து வைத்திருக்கிறார். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, கட்டிங் வேஸ்ட்டை மூட்டை மூட்டையாக வாங்கி வந்தார். லைன் வீட்டுப் பெண்கள் எல்லோருமே தையல் தெரிந்தவர்கள். வெட்டி விழுந்த பனியன் துண்டுகளை உள்ளே திணித்து மெத்தை மெத்தையாகத் தைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு வீட்டு நீளத்துக்கு, தகட்டுச் சுவரின் ரோட்டுப் பக்கம் முழுவதும் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினார்கள். திங்கள்கிழமை நான் பஸ்ஸைவிட்டு இறங்கினால், சிவப்பும் மஞ்சளும் ராமர் பச்சையுமாகச் சுவர் மெத்தை கட்டிக்கொண்டு நிற்கிறது! என் பாடப் புத்தகத்தில் இருந்ததை, எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு பெண் ரோட்டில் செய்து காட்டிவிட்டார்.

பன்னிரண்டு நாள் அவர் வீட்டுக்காரர் தூங்கினார். அந்தப் பன்னிரண்டு நாளும் அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் விரலை உதட்டில் வைத்துச் சிரித்தார். நானும் விரலை வைத்துச் சிரித்தேன். தப்பித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

பிறகு மழை பிடித்தது. மெத்தைகள் ஊறித் தொங்கின, நாற்றமெடுத்தன. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் குப்பை கட்டி வைத்தது போல இருக்கிறது என்று பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள். ஹெச்.எம். ஆள் விட்டார். நான் மாடி வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் கம்பியை வெட்டி வெட்டி மெத்தைகளை லாரியில் வீசினார்கள். அக்கா ஓடி வந்தார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். போட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் அந்த ஆட்களுக்கு முன்னால் நின்று, விரலை உதட்டில் வைத்தார். அத்தனை உயரத்திலிருந்து எனக்குக் கேட்கவில்லை. பிறகு அந்த ஆட்களில் ஒருவர்தான் எங்கள் வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார்: "மெதுவா எடுங்க சாமி, உள்ளார தூங்கறாருங்கன்னு சொல்லுதுங்க அந்தம்மா."

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நாலாவது வீடு பூட்டியிருந்தது. குக்கர் வீட்டு அம்மா வாசலில் அழுதுகொண்டு நின்றார். விடியற்காலை நாலு மணிக்கு அக்காவின் வீட்டுக்காரர் மெஷின் முன்னால் நின்றபடியே கண் அசந்திருக்கிறார். வலது கை, துணியோடு உருளைக்குள் போய்விட்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நாலு நாள் கழித்துத்தான் எனக்குக் கோயமுத்தூர் போக தைரியம் வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் ஒரே இரைச்சல். ட்ராலி உருளுகிறது, யாரோ போனில் கத்துகிறார்கள், குழந்தை ஒன்று அடம்பிடித்து அழுகிறது. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்த்து அவர் விரலை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கட்டிலில் அவர் வீட்டுக்காரர், கட்டுப் போட்ட கை வயிற்றின் மேல் கிடக்க, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா நல்லாத் தூங்கறாருங்க. ஊசி போடறாங்க" என்றார்.

நான் கொண்டுபோன சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவரே வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தார். ஊருக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். காங்கேயத்துப் பக்கம் அவர் அண்ணன் எண்ணெய் மில்லில் இருக்கிறாராம், வீட்டுக்காரருக்கு வாட்ச்மேன் வேலை ஏதாவது பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அப்புறம் என்னை உட்காரச் சொல்லி, ஸ்டூலில் பாதி இடம் விட்டார். அங்கே பேசுவதற்கு யாரும் கிசுகிசுக்கத் தேவையில்லை. அவர் தன் சொந்தக் குரலில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். கணீரென்ற குரல்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளுங்கக்கா."

"அந்தச் சொவுரு வந்தா இப்பிடி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் போதும் என்று கேட்டார். தெரியும் என்று சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன். பல்லடம் தாண்டும்வரை வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவர் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு இறங்கியது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அப்பச் செரீங்க. பதனோரு ஊட்டுலயும் நானே போயிக் கையெழுத்து வாங்குனனே, என்ற கையாலயே அவரு கைய எடுத்துப் போட்டனேன்னு நாலு நாளா மனசு அறுத்துச்சுங்க. படிச்ச உங்களுக்கே தெரியலீங்க. எனக்கு எங்கீங்க தெரியப் போகுது?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு டீச்சர் வார்டில் உட்கார்ந்து அப்படி அழக்கூடாது. நிறுத்த முடியவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அந்த அக்கா என் கையை விடாமல், "அழுவாதீங்க டீச்சர், நீங்க என்னங்க பண்ணுவீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.